காப் டியாமான் முனையும் பழைய கியூபெக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப் டியாமான் எங்கே இருக்கிறது? கடலே இல்லாத இடத்தில் முனை எப்படி வந்தது?

கனடாவின் கியூபெக் நகரில், செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. மேற்கே காப் ரூஜ்ஜிலிருந்து ஆற்றை ஒட்டியே ஓடிவரும் ஒடுங்கிய மேட்டுநிலம் ஒன்று கிழக்கே திடீரென்று முடிகிறது. அந்த முடிவிடம்தான் காப் டியாமான். நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரம். தெற்கே செயின்ட் லோரன்ஸ், வடக்கே சென் ஷார்ல் என்ற சிறிய ஆறு. இரண்டும் முனைக்குக் கிழக்கே கூடுகின்றன.

இங்கே ஆறு சுமார் 1 கிலோமீற்றராக ஒடுங்குகிறது. கடலிலிருந்து உள்நாட்டுக்கு வரும் எந்தக் கப்பலும் இந்த இடுக்கைத் தாண்டித்தான் போகவேண்டும். மேலே பீரங்கி வைத்திருப்பவன் கையில் ஆற்றின் சாவி. 1608-இல் பிரெஞ்சுக்காரர் இங்கே குடியேறியதும், 1759-இல் பிரித்தானியர் முற்றுகையிட்டதும், 1775-இல் அமெரிக்கர் தாக்கியதும் இதனால்தான்.

நகரம் இரண்டு தட்டுகளில் இருக்கிறது. மேல் நகரத்தில் கோட்டை, ஆளுநர் மாளிகை, கன்னியர் மடங்கள். கீழ் நகரத்தில் துறைமுகம், கிடங்குகள், சுமை தூக்கியவர்களின் வீடுகள். சுற்றுலாப் படங்களில் மேல் தட்டுத்தான் அதிகம். இந்தப் பாறையின் வரலாற்றில் பாதி அதன் அடிவாரத்தில் கிடக்கிறது என்பது எங்கள் கருத்து. கீழே வரும் விடைகளில் அந்தச் சாய்வு தெரியும்.

‘டியாமான்’ என்றால் பிரெஞ்சில் வைரம். உண்மையிலேயே வைரம் கிடைத்ததா?

இல்லை. பிரெஞ்சு நாடாய்வாளர் ஜாக் கார்த்தியே 1541-இல் மூன்றாம் முறை வந்தபோது காப் ரூஜ்ஜில் குடியிருப்பு அமைத்தார். அங்கே மின்னும் கற்களையும் மஞ்சள் உலோகத்தையும் கண்டு, பீப்பாய்களில் நிரப்பி மறு ஆண்டு பிரான்சுக்குக் கொண்டுபோனார். சோதித்துப் பார்த்தால் வைரம் என்றது குவார்ட்ஸ் என்ற படிகக்கல், பொன் என்றது இரும்புக் கந்தகக் கல். ‘கனடா வைரம் போலப் பொய்’ என்ற சொலவடை பிரெஞ்சில் நிலைத்தது. முனைக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது.

பாறைப் பிளவுகளில் இன்றும் சிறு படிகத் துண்டுகள் தென்படலாம். பெயர்த்தெடுக்கப் போகாதீர்கள். ஏன் என்பது அடுத்த விடையில்.

பாறையில் ஏன் கம்பிவலை போட்டிருக்கிறார்கள்? இன்னும் சரிகிறதா?

கீழே ஷாம்ப்ளேன் தெருவில் நின்று பாறையை நிமிர்ந்து பார்த்தால் விடை கண்ணில் படும். இது ஒரே கல்லாலான குன்று அல்ல. கருமையான களிப்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டு, பழங்கால மலையாக்கத்தில் மடிந்து செங்குத்தாகச் சாய்ந்து நிற்கின்றன. கை அகலம் கூட இல்லாத தகடுகளும் உண்டு. இடுக்குகளில் மழைநீர் இறங்குகிறது. உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். பிளவு கொஞ்சம் அகலும். வெயிலில் உருகி, இரவில் மறுபடி உறையும். இளவேனில் தொடக்கத்தில் நாளுக்கு ஒருமுறை இது நடக்கும். ஆகவே கல் உதிரும் காலம் கடுங்குளிரைவிட மார்ச், ஏப்ரல்தான்.

பெரிய சரிவுகளும் நடந்திருக்கின்றன. 1841-இல் ஒன்று. அதைவிடக் கொடியது 1889 செப்டெம்பர் 19 இரவு நடந்தது. பலத்த மழைக்குப் பின், கோட்டைக்குக் கீழே பாறையின் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து ஷாம்ப்ளேன் தெரு வீடுகள்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்கள். நகரப் பொறியாளர் ஷார்ல் பையார்ஜே அந்தப் பாறையைப் பற்றி ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார். மேலே பாறை விளிம்பிலுள்ள டஃபரின் உலாத்தளத்தில் பெரிய மனிதர் காற்று வாங்கினார்கள். அதே பாறையின் அடியில் ஏழைகள் செத்தார்கள். நினைவுப் பலகை தெருவோரத்தில் இருக்கிறது. பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

இன்று வலைகள், பாறைக்குள் முடுக்கிய இரும்பு நங்கூரங்கள், நீர் வடிகால்கள் எல்லாம் உண்டு. தெருவில் நடப்பதில் ஆபத்தில்லை. தடுப்புவேலிக்கு அப்பால் போய்ப் பாறையை ஒட்டி நின்று படம் எடுப்பதும், குளிர்காலத்தில் தொங்கும் பனிக்கட்டி ஈட்டிகளுக்குக் கீழே நிற்பதும்தான் ஆபத்து.

காப் பிளான் என்ற பகுதியில் யார் வாழ்ந்தார்கள்?

முனைக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஒரு தெரு மட்டுமே கொள்ளும் அகலத்தில் நீளும் குடியிருப்பு இது. வீட்டின் முதுகு பாறையில், முகம் தெருவில். இன்று எதிரே அகலமான ஷாம்ப்ளேன் நெடுஞ்சாலை தெரியும். அது 1960-களில் ஆற்றை நிரப்பிப் போட்டது. அதற்கு முன் ஆற்றுப் பக்க வீடுகளின் பின்சுவர் வரை நீர் வந்தது.

1806-இல் நெப்போலியன் பால்டிக் துறைமுகங்களைப் பிரித்தானியாவுக்கு அடைத்தான். கப்பல் கட்ட மரம் வேண்டிப் பிரித்தானியர் கனடாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பைன் மரங்கள் சதுரமாகச் செதுக்கப்பட்டு, தெப்பங்களாகக் கட்டப்பட்டு, நீரோட்டத்தோடு கியூபெக் வந்தன. காப் பிளானிலிருந்து காப் ரூஜ் வரை ஒவ்வொரு சிறு குடாவும் மரத்துறை ஆனது. மரம் ஏற்றிப்போன கப்பல்கள் வெறுமையாகத் திரும்பாமல் குடியேறிகளை ஏற்றி வந்தன. அவர்களில் ஐரிஷ்காரர் மிகுதி. பலர் இறங்கிய இடத்திலேயே துறைமுக வேலையில் தங்கிவிட்டனர்.

1860-களில் நகர மக்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஆங்கிலம் பேசினர். இன்று ஓரிரண்டு விழுக்காடுதான். இரும்புக் கப்பலும் நீராவியும் வந்ததும் சதுர மர வணிகம் படுத்தது. ஆற்றை ஆழப்படுத்தியபின் பெரிய கப்பல்கள் நேரே மொன்றியல் போயின. ரயில் மிச்சத்தை எடுத்துக்கொண்டது. வேலை சுருங்கியபோது யாருக்கு எவ்வளவு என்ற போட்டியில் 1879 ஆகஸ்டில் ஐரிஷ் தொழிலாளரும் பிரெஞ்சுத் தொழிலாளரும் தெருவில் மோதி உயிரிழப்பும் நேர்ந்தது.

காப் பிளானில் பார்க்க வேண்டியவை 1870-களில் கட்டிய நோத்ர் டாம் தெ லா கார்ட் தேவாலயமும், அதன் அருகிலிருந்து மேலேறும் 398 படிகளும். மக்கள் குடியிருக்கும் தெரு இது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

1759-இல் ஆங்கிலேயர் இந்தச் செங்குத்துப் பாறையிலா ஏறினார்கள்?

இல்லை. வழிகாட்டிகள் சிலரே அப்படிச் சொல்வதுண்டு. அவர்கள் ஏறியது முனைக்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றர் மேற்கே, ஆன்ஸ் ஓ ஃபூலோன் என்ற குடாவில். அங்கே மேடு சுமார் 53 மீற்றர்தான். ஒரு வண்டிப் பாதையும் இருந்தது.

அன்றைய இரவு ஆறு செய்த வேலையைத்தான் கவனிக்க வேண்டும். செயின்ட் லோரன்ஸ் இங்கே நன்னீர்தான். ஆனால் கடல் ஏற்றவற்றம் இங்கேயும் எட்டுகிறது. நீர் வற்றும்போது ஓட்டம் கிழக்கே வேகமாக இழுக்கும். செப்டெம்பர் 13 அதிகாலை 2 மணியளவில் வற்றம் தொடங்கியதும் ஜெனரல் உல்ஃப் படையின் படகுகள் அதில் மிதந்து வந்தன. அந்த இரவு உணவுப் படகுகள் வருவதாகப் பிரெஞ்சுக் காவலருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அது கைவிடப்பட்ட செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இருட்டில் காவலன் அதட்டியபோது பிரெஞ்சு தெரிந்த ஸ்கொட்லாந்து அதிகாரி ஒருவர் பதில் சொல்லிவிட்டார். விடிந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மேட்டில் வரிசை கட்டி நின்றார்கள்.

பிரெஞ்சுத் தளபதி மொன்கால்ம் தாக்குதல் கிழக்கே போபோரில் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். மேற்கிலிருந்து வரவேண்டிய துணைப்படைக்குக் காத்திராமல் காலை 10 மணியளவில் மோதினார். கால் மணிநேரச் சூட்டிலேயே முடிவு தெரிந்துவிட்டது. 32 வயது உல்ஃப் களத்தில் இறந்தார்; 47 வயது மொன்கால்ம் மறுநாள் காலை. 18-ஆம் நாள் நகரம் சரணடைந்தது. ஆனால் 1760 ஏப்ரல் 28-இல் சென் ஃபுவாவில் நடந்த அடுத்த போரில் வென்றது பிரெஞ்சுப் படை. ஆற்றில் பனி உருகியதும் முதலில் வந்தது பிரித்தானியக் கப்பல். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

சாத்தோ ஃப்ரொன்ட்னாக் விடுதிக்குப் பக்கத்துப் பூங்காவில் 1820-களில் எழுப்பிய கற்றூண் ஒன்று உல்ஃப், மொன்கால்ம் இருவருக்கும் பொது நினைவுச்சின்னம். இலத்தீனில் எழுதியிருக்கிறது. அப்போது யார் மொழியிலும் எழுதாமல் தப்பித்தது புத்திசாலித்தனம்.

நட்சத்திர வடிவக் கோட்டை அந்தப் போரில் என்ன செய்தது?

அப்போது அது இல்லை. சிதடெல் எனப்படும் அந்தக் கோட்டையைப் பிரித்தானியர் 1820 முதல் 1850 வரை கட்டினார்கள். பயம் அமெரிக்கரைப் பற்றியது. 1775 டிசம்பர் 31 இரவு, பனிப்புயலில் முனையின் அடிவாரப் பாதை வழியாக வந்த அமெரிக்கத் தளபதி மொன்கொமரி, பீரங்கிச் சூட்டில் அங்கேயே விழுந்தார். அந்த இடத்தில் பாறைமேல் பலகை இருக்கிறது. அந்த நினைவு மறையவில்லை. ஆனால் கட்டி முடித்தபின் கோட்டையை யாருமே தாக்கவில்லை.

உள்ளே பிரெஞ்சுக் காலக் கட்டடங்கள் இரண்டு உண்டு: 1693-இல் கட்டிய காப் டியாமான் காவல் அரண், 1750-இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு. அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

கோட்டைக்குள் போகலாமா?

போகலாம், தனியாகத் திரிய முடியாது. இது இன்றும் இயங்கும் படைத்தளம், றோயல் 22-ஆம் படைப்பிரிவின் இருப்பிடம். பிரெஞ்சு பேசும் படைப்பிரிவு அது. வழிகாட்டியோடு போகும் சுற்றுக்குச் சீட்டு வாங்கவேண்டும். ஆங்கிலச் சுற்று, பிரெஞ்சுச் சுற்று என்று நேரம் வேறுபடும். கோடையில், ஜூன் 24 முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை, காலை 10 மணிக்குக் காவல் மாற்றும் சடங்கு நடக்கும். மழை பெய்தால் நடக்காது. படைப்பிரிவின் ஆட்டுக்கிடாய் பத்தீஸும் அணிவகுப்பில் வரும். பிள்ளைகளுக்கு மொத்தக் கோட்டையிலும் அதுதான் நினைவில் நிற்கும்.

கனடாவின் ஆளுநர் நாயகத்துக்கு 1872 முதல் இங்கே ஓர் இல்லம் உண்டு. அதற்கான சுற்று வேறு. ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்கும் கருவியைப் பறக்கவிட நினைக்காதீர்கள். இது இராணுவ நிலம்.

ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த ஒழுங்கில் நடப்பது?

பெரும்பாலோர் செய்யும் தவறு, மேலே வண்டியை நிறுத்திவிட்டு உலாத்தளத்தில் தொடங்குவது. பிறகு கீழே இறங்கி, மீண்டும் ஏறி, மதியத்துக்குள் முழங்கால் போய்விடும். ஒரே ஒருமுறை ஏறும்படி போடலாம்.

காலை 8 மணிக்குக் கீழே பிளாஸ் றுவாயாலில் தொடங்குங்கள். பிரெஞ்சு நாடாய்வாளர் ஷாம்ப்ளேன் 1608-இல் முதல் குடியிருப்பு கட்டிய இடம். முதல் குளிர்காலத்தில் அவருடன் இருந்த 28 பேரில் 20 பேர் இறந்தனர். 1688-இல் தொடங்கிய நோத்ர் டாம் தெ விக்துவார் சிற்றாலயத்துக்குள், கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல் மாதிரியைத் தவறவிடாதீர்கள். பத்து மணிக்குமேல் உல்லாசக் கப்பல் பயணிகள் வந்து சேர்வார்கள்; செப்டெம்பர், ஒக்டோபரில் சதுக்கத்தில் நிற்கவே இடமிராது.

அங்கிருந்து பெத்தி ஷாம்ப்ளேன் தெரு. இப்போது பூத்தொட்டியும் பரிசுக்கடையுமாக இருக்கும் இது 19-ஆம் நூற்றாண்டில் ஏழை ஐரிஷ் தொழிலாளர் தெரு. வணிகர்கள் 1980-களில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து மீட்டெடுத்தார்கள்.

தெரு முடிந்ததும் திரும்பிவிடாதீர்கள். ஷாம்ப்ளேன் தெருவிலேயே மேற்கே ஏறக்குறைய அரை மணி நேரம் நடந்தால் காப் பிளான் படிகள் வரும். 398 படிகள், இடையே நின்று மூச்சுவாங்கத் தளங்கள் உண்டு. நிதானமாக ஏறினால் 15 நிமிடம். மேலே போர்க்களப் பூங்கா, அதாவது ஆபிரகாம் சமவெளி. 1908-இல் பொதுப் பூங்காவானது.

பூங்காவில் 1808-க்கும் 1812-க்கும் இடையில் கட்டிய வட்டமான மார்ட்டெல்லோ கோபுரங்கள் இருக்கின்றன. நான்கு கட்டினார்கள், மூன்று மிச்சம். முதல் கோபுரத்தைச் சுற்றி வந்து சுவரின் கனத்தைக் கவனியுங்கள். எதிரி வரும் மேற்குப் பக்கச் சுவர் தடிப்பு, நகரப் பக்கச் சுவர் மெல்லியது. எதிரி கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் நகரத்திலிருந்து சுட்டு உடைக்க வசதியாக அப்படிக் கட்டினார்கள்.

மதியத்தில் கோட்டைச் சுற்று. பிறகு ஆளுநர் நடைபாதை வழியாக, பாறையின் நெற்றியில் தொங்கும் மரப்படிகளில் இறங்குங்கள். 310 படிகள், இறங்குவது சுகம், ஏறுவது தண்டனை. முடிவில் டஃபரின் உலாத்தளம். பலகைத் தரைக்குக் கீழே பழைய ஆளுநர் மாளிகையின் அடித்தளம் இருக்கிறது; 1834 ஜனவரியில் எரிந்துபோன மாளிகை அது. கோடையில் கீழே இறங்கிப் பார்க்க அனுமதி உண்டு.

மாலையில் மதில் நகரத் தெருக்கள். இருட்டும் நேரத்துக்குக் கேபிள் ரயிலில் கீழே இறங்கி, எதிர்க்கரை ஊரான லெவிக்குப் போகும் படகைப் பிடியுங்கள்.

படி ஏற முடியாதவர்கள், குழந்தை வண்டி உள்ளவர்கள் என்ன செய்வது?

கீழ் நகரத்தையும் டஃபரின் உலாத்தளத்தையும் இணைக்கும் கேபிள் ரயில் 1879 முதல் ஓடுகிறது. குழந்தை வண்டி ஏறும். தனியார் சேவை என்பதால் நகரப் பேருந்துச் சீட்டு செல்லாது, தனிக் கட்டணம். கீழ் நிலையம் இருக்கும் வீடு மிசிசிப்பி ஆற்றை ஆராய்ந்த லூயி ஜொலியே 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது.

உலாத்தளம் சமதரை, 400 மீற்றருக்கும் மேல் நீளம், இருக்கைகள் நிறைய. பெரியவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் படியேறலாம். பிளாஸ் றுவாயால் கல் பாவிய தரை. சிறு சக்கர வண்டி குலுங்கும். ‘கழுத்து முறியும் படி’ என்ற பெயருள்ள காஸ் கூ படிகள் 59-தான், ஆனால் செங்குத்து. மழையில் கைப்பிடியை விடாதீர்கள்.

முனை முழுவதையும் படம் எடுக்கச் சிறந்த இடம்?

லெவி படகு. பயணம் 10 முதல் 12 நிமிடம். ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கியூபெக்கிலிருந்து புறப்படும்போது எல்லோரும் முன்பக்கம் போவார்கள். நீங்கள் பின்பக்க மேல்தளத்துக்குப் போங்கள். பாறை, கோட்டை, விடுதி, கீழ் நகரம் நான்கும் ஒரே சட்டத்துக்குள் வருவது ஆற்றின் நடுவில்தான். காலையில் வெயில் பாறைமேல் விழும். மாலையில் வெயிலுக்கு எதிரே எடுக்க நேரும், விளக்கு ஏற்றியபின் சரியாகும். லெவியில் இறங்கி மறுபடி சீட்டு எடுத்து ஏறவேண்டும்.

லெவியில் ஒரு மணி நேரம் இருந்தால் அல்போன்ஸ் தெஜார்தென் வீட்டுக்குப் போகலாம். 1900 டிசம்பர் 6-இல் அவர் தொடங்கிய மக்கள் சேமிப்பு வங்கிதான் இன்று கியூபெக் மாகாணம் எங்கும் கிளை விரித்திருக்கும் கூட்டுறவு வங்கி.

விடுதியை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், கோட்டைக்கு வடகிழக்கே சென் டெனித் தெருவின் புல்மேடு. ஒரு திருத்தம்: சாத்தோ ஃப்ரொன்ட்னாக் அரண்மனை அல்ல. கனேடியன் பசிபிக் ரயில் நிறுவனம் 1893-இல் பயணிகளை இழுக்கக் கட்டிய விடுதி. நடுக்கோபுரம் 1920-களில் சேர்ந்தது.

குளிர்காலத்தில் போகலாமா?

போகலாம், திட்டத்தை மாற்றிக்கொண்டு. ஆளுநர் நடைபாதை மூடியிருக்கும். காப் பிளான் படிகள் உறைந்திருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். உலாத்தளத்தில் ஆற்றுக்காற்று நேரே முகத்தில் அறையும். வெப்பமானி −12 என்று காட்டினால் உடம்பு −20-க்கும் கீழே உணரும். காதும் விரலும் முதலில் போகும். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களை வாங்கிக்கொள்ளுங்கள்; கீழ் நகரத்தின் சரிவுத் தெருக்களில் அது இல்லாமல் விழாதவர் குறைவு.

உலாத்தளத்தின் மேற்கு முனையில் 1884 முதல் இருக்கும் பனிச்சறுக்குத் தடம் ஒன்று உண்டு. பெப்ரவரிப் பனித்திருவிழாவில், மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே ஆற்றைத் தோணியில் கடக்கும் போட்டி நடக்கும். ஒருகாலத்தில் தபாலும் ஆளும் அப்படித்தான் கடந்தன. ஏற்றவற்ற வேறுபாடு 5 மீற்றரையும் தாண்டுவதால் பாளங்கள் ஒருமணி மேற்கே போகும், ஒருமணி கிழக்கே வரும் என்பதுபோல் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். படகு தாமதமானால் காரணம் இதுவே.

காரில் போகிறவர்களுக்கு முக்கியமானது: தெருக் கம்பங்களில் செம்மஞ்சள் விளக்கு மின்னினால் அன்றிரவு பனி அள்ளும் வண்டி வரும். தெருவில் நிறுத்திய காரை இழுத்துப் போய்விடுவார்கள், தண்டமும் உண்டு. நிலக்கீழ்த் தரிப்பிடமே நிம்மதி.

பிரெஞ்சுக்காரருக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?

1535-இல் கார்த்தியே வந்தபோது ஸ்தாதாகோனா என்ற இரோக்குவாய மொழிக் கிராமம் இருந்தது. சென் ஷார்ல் ஆற்றங்கரையில் குளிர்காலம் கழித்த அவரது மாலுமிகளில் 25 பேர் விற்றமின் சி குறைபாட்டு நோயில் இறந்தார்கள். மிச்சப் பேரைக் காப்பாற்றியது ஊர் மக்கள் காட்டிய அனெத்தா மரத்தின் இலைக் கஷாயம். கைம்மாறாக, கார்த்தியே போகும்போது ஊர்த் தலைவர் தொன்னகோனாவைக் கடத்திக்கொண்டு போனார். தொன்னகோனா திரும்பவே இல்லை. 1608-இல் ஷாம்ப்ளேன் வந்தபோது அந்தக் கிராமம் மறைந்துவிட்டது.

இன்று அருகில் இருக்கும் முதற்குடி மக்கள் ஹூரோன்-வென்டாட். அவர்களின் பழைய நாடு ஒன்ராறியோவின் ஜோர்ஜியக் குடாப் பக்கம். போரும் நோயும் குலைத்தபின் 1650-இல் சுமார் 300 பேர் கியூபெக் வந்தனர். பலமுறை இடம் மாறி, 1697-இல் இன்றைய வென்டாக்கேயில் நிலைத்தனர். 1760 செப்டெம்பர் 5-இல் பிரித்தானியத் தளபதி மறி அவர்களுக்கு எழுதிக்கொடுத்த ஒரு சிறு தாளை, 1990-இல் கனடிய உச்ச நீதிமன்றம் சியூயி வழக்கில் உடன்படிக்கை என்றே ஏற்றது. வழக்கின் தொடக்கம், மாகாணப் பூங்காவில் மரக்கன்று வெட்டித் தீமூட்டிச் சடங்கு செய்ததற்குப் போட்ட தண்டம்.

வென்டாக்கேயில் என்ன பார்க்கலாம்?

பழைய நகரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். நகரப் பேருந்து போகும். கபீர் கூபா அருவி, 1862 தீக்குப்பின் மீண்டும் கட்டிய லொரெத் மாதா தேவாலயம், அருங்காட்சியகத்தோடு சேர்ந்த விடுதி ஆகியவற்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த மரபுவழி ‘நீண்ட வீடு’ ஒன்றை மீளமைத்திருக்கிறார்கள், அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் இது காட்சிக்கு வைத்த ஊர் அல்ல. பள்ளியும் தொழிலகமும் தன்னாட்சி மன்றமும் உள்ள ஊர். பேசாமல் விடப்பட்ட வென்டாட் மொழியை 2007 முதல் லவால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மீட்டு வருகிறார்கள். பாதிரிமார் எழுதிவைத்த பழைய அகராதிகள் அதற்குக் கைகொடுத்தன.

ஆங்கில, ஐரிஷ் மக்களின் தடயம் எங்கே மிஞ்சியிருக்கிறது?

மதிலுக்குள் மொரின் மையம். 1813 வாக்கில் சிறையாகத் திறந்த கட்டடம். 1868 முதல் கல்லூரி. இன்று ஆங்கில நூலகம். தரையில் கைதிகளைப் பிணைத்த இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. மேலே அமைதியாகப் புத்தகம் படிக்கிறார்கள். அருகே 1804-இல் திறந்த ஆங்கிலிக்கப் பேராலயம்.

ஐரிஷ் வரலாற்றுக்கு ஆற்றோடு 48 கிலோமீற்றர் கீழே குரோஸ் தீவுக்குப் போகவேண்டும். 1832 முதல் 1937 வரை, நோய் பரவாமலிருக்கக் குடியேறிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். பஞ்ச ஆண்டான 1847-இல் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டனர். பருவகாலத்தில் மட்டும், தென்கரையின் பெர்த்தியேயிலிருந்து படகு. முழு நாள் எடுக்கும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

பிளாஸ் றுவாயால் கட்டடங்கள் உண்மையிலேயே பழையவையா?

பாதிக்குப் பாதி. 1970-களில் மீட்டமைத்தபோது 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தோற்றத்துக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கால வணிகர்கள் ஏற்றிய மாடிகளும் முகப்புகளும் பல இடங்களில் அகற்றப்பட்டன. சில வீடுகள் ஏறத்தாழப் புதிதாகவே எழுந்தன. அழகாக இருக்கிறது என்பதில் மறுப்பில்லை. ஆனால் நகரம் தன் வயதில் ஒரு நூற்றாண்டை மறைத்துக்கொண்டது. மறைத்ததைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலுள்ள சென் பியர் தெரு வங்கிக் கட்டடங்களைப் பாருங்கள்.

மதிலோ உண்மையிலேயே பழையது. 4.6 கிலோமீற்றர், மெக்சிக்கோவுக்கு வடக்கே மதில் முழுதாக எஞ்சிய நகரம் இது ஒன்றே. 1870-களில் வணிகர்கள் இடிக்கக் கேட்டார்கள்; ஆளுநர் நாயகம் டஃபரின் தடுத்தார். யுனெஸ்கோ பட்டியலில் 1985-இல் சேர்ந்தது.

எப்படிப் போவது? எப்போது போகக்கூடாது?

மொன்றியலிலிருந்து 250 கிலோமீற்றர், காரில் 3 மணி நேரம். ரொறன்ரோவிலிருந்து சுமார் 800. ஒரே மூச்சில் ஓட்டாமல் மொன்றியலில் தங்குவது நல்லது. ரயில் என்றால் பலே நிலையத்தில் இறங்குங்கள்; கீழ் நகரத்திலேயே இருக்கிறது.

ஜூலை முதல் பாதியில் கோடை இசைவிழா. சமவெளியின் பெரும்பகுதி மேடைக்காக அடைபடும். அது முடிந்ததும் மாகாணக் கட்டடத் தொழிலாளரின் இரண்டு வார விடுமுறை. விடுதி வாடகை ஏறி நிற்கும். ஜூன் முதல் மூன்று வாரமும் செப்டெம்பர் தொடக்கமும் வசதி.

பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘போன்ஜூர்’ என்று தொடங்கிவிட்டு ஆங்கிலத்தில் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஆங்கிலம் பேசினால் முகம் கொஞ்சம் மாறும். காப் பிளான் கடைகளில் ஆங்கிலம் குறைவு.

இரண்டாம் நாள் இருந்தால்?

கிழக்கே 12 கிலோமீற்றரில் 83 மீற்றர் உயர மொன்மொரன்சி அருவி. அதற்கு எதிரே 1935-இல் பாலம் போட்ட ஓர்லேயான் தீவு. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். மேற்கே போவதை நாங்கள் சிபாரிசு செய்வோம். வழியில் கியூபெக் பாலம்: கட்டும்போதே 1907-இல் இடிந்து 75 பேர் இறந்தனர், அவர்களில் 33 பேர் ககனவாகே ஊர் மோஹோக் இரும்புத் தொழிலாளர். 1916-இல் நடுப்பகுதி விழுந்து 13 பேர். 1917-இல் முடிந்தது. 549 மீற்றர் நடுவீச்சு; நெம்புதாங்கு (cantilever) வகைப் பாலங்களில் இன்றும் உலகில் முதலிடம். அடுத்து காப் ரூஜ். கார்த்தியே குடியிருப்பின் எச்சங்கள் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட இடம்.

இரண்டே மணி நேரம்தான் என்றால்?

உலாத்தளத்தை விட்டுவிடுங்கள். படகில் போய் வர முக்கால் மணி. பிறகு பெத்தி ஷாம்ப்ளேன் வழியாக 1889 நினைவுப் பலகை வரை நடந்து, பாறையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேரம் மிஞ்சினால் கேபிள் ரயிலில் மேலே போங்கள்.